ரயரில் ஒட்டிய சேறு: ஜாரா காட்டின் நோயும் மலைச் சைக்கிளோட்டிகளும்

மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகரான பேர்த்திலிருந்து கிழக்கே அரை மணித்தியாலம் வாகனத்தில் போனால் மலைப்பகுதி தொடங்கிவிடும். மலை என்றதும் நுவரெலியாவை நினைக்கவேண்டாம். முந்நூறு மீற்றர் அளவு உயரமுள்ள சரிவுகள்தான். செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த அந்தச் சரிவுகளில் ஜாரா என்ற மரம் காடாக நிற்கிறது. யூக்கலிப்டஸ் குடும்பத்து மரம். உளுத்துப் போகாத சிவந்த வைரம் கொண்டது. ஒரு காலத்தில் லண்டன் தெருக்களுக்கே இதன் கட்டைகளைக் கப்பலில் ஏற்றிப்போய்ப் பாவியிருக்கிறார்கள். சனி, ஞாயிறு நாட்களில் இந்தக் காட்டின் ஒற்றையடித் தடங்களில் மலைச் சைக்கிள் ஓட்ட வருபவர்கள் ஏராளம். கலமுண்டா என்ற ஊரைச் சுற்றியுள்ள தடங்கள் அதற்குப் பெயர்பெற்றவை.

நானும் அங்கே ஓட்டுகிறவன். தடங்களைச் செப்பனிடும் தொண்டர் வேலைகளுக்கும் போய்வருகிறேன். அந்த வேலைக்குப் போனால் மண்வெட்டி கைக்கு வருவதற்கு முன் ஒரு தூரிகையும் ஸ்பிரிட் நிரப்பிய தெளிப்புப் போத்தலும் வரும். சப்பாத்து, ரயர், மண்வெட்டி என்று எல்லாவற்றையும் துடைத்துத் தெளித்த பின்னர்தான் உள்ளே விடுவார்கள். இதை ஊரிலிருக்கும் மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "சைக்கிளுக்கும் சாராயம் தெளிக்கிறியளோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளில் விறகும் அரிசி மூட்டையும் நோயாளியும் ஏற்றித் திரிந்தவர்கள் நாங்கள். எந்தச் சேற்றுக்குள்ளும் அது போகும். கழுவுவதற்குத் தண்ணீர் கிடைத்தால் பெரிய காரியம். விளையாட்டுக்காகக் காட்டுக்குள் போகும் சைக்கிளுக்கு இத்தனை சடங்கு ஏன் என்பதை அவருக்கு விளங்கப்படுத்தியபோதுதான், இதை எழுதினால் என்ன என்று தோன்றியது.

கறுவாவின் பெயர் கொண்ட நோய்

ஜாரா காட்டைக் கொல்லும் உயிரியின் பெயர் பைட்டொப்தோரா சின்னமோமி. கிரேக்க மொழியில் பைட்டொப்தோரா என்றால் செடியை அழிப்பது என்று பொருள். சின்னமோமி என்ற பின்பாதி கறுவாவிலிருந்து வந்தது. சுமாத்திராவில் கறுவா மரங்களின் பட்டையைத் தாக்கிய நோயை ஆராய்ந்த ராண்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1922இல் அந்தப் பெயரை வைத்தார். இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு உயிரிதான் 1845இலிருந்து அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள்; அதேயளவுக்கு மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். நுவரெலியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உருளைக்கிழங்கு செய்கிறவர்களுக்கு, குளிரும் ஈரமும் சேர்ந்த நாட்களில் இலை கருகி வரும் அந்த நோய் புதியதல்ல.

பார்வைக்கு இது பங்கசு போன்றது. ஆனால் பங்கசு அல்ல. கடலிலுள்ள பழுப்புப் பாசிகளுக்குத்தான் கிட்டிய உறவு. இந்த வித்தியாசத்தைப் பாடப்புத்தகச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. நோயைத் தடுக்கும் வழிகள் எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. இதன் வித்திகளில் ஒரு வகை நீந்தக்கூடியது. மண்ணில் ஈரம் இருந்தால் மண் துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தி, வேர் வெளிவிடும் இரசாயனங்களை மோப்பம் பிடித்தது போல வேரைத் தேடிப்போய் ஒட்டும். இன்னொரு வகை தடித்த சுவர் கொண்டது. காய்ந்த காலத்தில் மண்ணிலும் செத்த வேரிலும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, மழை வந்ததும் எழும்பும்.

உண்ணும் வேர்கள் அழுகியதும் மரத்தால் தண்ணீர் எடுக்க முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே தாகத்தால் சாகும். நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்ந்து வருவதால் இங்கே இதனை டைபாக் என்கிறார்கள். முதலில் விழுவது ஜாரா அல்ல. பாங்சியா என்ற பூமரங்களும், நூங்கா பழங்குடி மக்கள் பல்கா என்று அழைக்கும் புல்மரமும்தான் முதலில் போகும். பல்கா நூறு ஆண்டுகளில் ஓர் ஆள் உயரம்கூட வளராது. அது ஒரே பருவத்தில் பழுத்துச் சரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது மனதுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை, உலகில் உயிரினச் செழிப்பு மிக்கவையாகவும் அதேவேளை ஆபத்தில் உள்ளவையாகவும் கணிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அதே பட்டியலில் இலங்கையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன. இந்தத் தென்மேற்கு மூலையில் ஆராயப்பட்ட 5710 தாவர இனங்களில் 2284 இனங்கள், அதாவது நூற்றுக்கு 40 வீதம், இந்த நோய்க்கு இலக்காகக்கூடியவை. நோய் பரவிய நிலம் பத்து இலட்சம் ஹெக்டேயருக்கும் மேல். மரத்தோடு முடிவதில்லை. பாங்சியா போன்றவற்றின் பூந்தேனையும் மகரந்தத்தையும் மட்டுமே உண்டு வாழும் பத்துக் கிராம் எடையுள்ள தேன் பொசம், பாங்சியா விதையை நம்பியிருக்கும் கார்னபி கறுப்புக் கொக்கட்டூ ஆகியவையும் கூடவே பசி கிடக்கின்றன. உயிருள்ள புல்டோசர் என்று இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. காட்டைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகப் படாது.

மண்ணைக் கொண்டுபோனது யார்?

பேர்த்துக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஜாரா மரங்கள் காரணம் தெரியாமல் சாவது 1921 அளவிலேயே கவனிக்கப்பட்டது. மண்ணில் சத்துக் குறைவு, வறட்சி, மரம் வெட்டும் முறை என்று பலவற்றைச் சந்தேகித்தார்கள். பைட்டொப்தோராதான் காரணம் என்று ஃபிராங்க் பொட்ஜரும் அவரோடு பணியாற்றியவர்களும் கண்டறிந்தது 1964இல். இடைப்பட்ட நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் மரம் ஏற்றும் லொறிகள் காட்டுக்குள் ஓடின. நோய் பிடித்த இடத்திலிருந்து சரளை மண்ணை அள்ளிப் புதிய பாதைகளுக்குக் கொட்டினார்கள். பாதைகளின் வரைபடமும் செத்த காட்டின் வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதற்கு அதுதான் காரணம். 1970களின் நடுப்பகுதியில்தான் பெரிய காட்டுப் பரப்புகளைத் தனிமைப்படுத்தி, அனுமதியின்றி வாகனம் நுழைவதைத் தடைசெய்தார்கள்.

தெற்குக் கரையிலுள்ள ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆற்றுத் தேசியப் பூங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நோய் பெரும்பாலும் எட்டாத நிலம் அது. 1970களின் தொடக்கத்தில் கனிமம் தேடுவதற்காக ஒரு புல்டோசர் அங்கே பாதை வெட்டியது. அதன் இரும்புச் சங்கிலியில் ஒட்டிவந்த மண்ணோடு நோயும் வந்தது. பல ஆண்டுகள் கழித்தே கண்டுபிடித்தார்கள். இன்றுவரை அந்த ஒரு திட்டை வேலியடைத்து, வேர் தாண்டாதபடி நிலத்துக்குள் திரை இறக்கி, அது வெளியே வராமல் காவல் காக்கிறார்கள். ஒரு வாகனம், ஒரு பயணம்.

இந்த வரலாறு தெரிந்த சைக்கிளோட்டிகள் சிலர் கேட்பதுண்டு: "லொறியும் புல்டோசரும் போக்சைட் சுரங்கமும் மலைமலையாக மண்ணைப் புரட்டும்போது என் ரயரில் ஒட்டிய நான்கு கிராம் சேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே?" கேள்வியில் உண்மை உண்டு. காட்டில் நடந்த சேதத்தின் பெரும்பகுதிக்குச் சைக்கிள் பொறுப்பல்ல. ஆனால் லொறி போகாத இடத்துக்குச் சைக்கிள் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பெரிய பாதைகளின் ஓரம் ஏற்கெனவே நோய்ப்பட்டுவிட்டது. மிச்சமிருக்கும் நல்ல காடு பாதைகளுக்கு நடுவில் தீவுகளாகக் கிடக்கிறது. அந்தத் தீவுகளுக்குள் ஒற்றையடித் தடத்தில் நுழைவது சப்பாத்தும் சைக்கிளும் காட்டுப் பன்றியும்தான்.

நடப்பவரையும் சைக்கிளையும் ஒப்பிட்டால் சைக்கிளின் பக்கம் வேறு சில சங்கடங்கள் உண்டு. நடப்பவர் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் போவார். சைக்கிளோட்டி நாற்பது போவார். அது போதாதென்று மாலையில் வாகனத்தின் பின்னே சைக்கிளை மாட்டிக்கொண்டு இன்னொரு காட்டுக்கும் போவார். மலைச் சைக்கிளின் ரயரில் உள்ள கட்டைகட்டையான பற்கள் சேற்றைப் பிடித்து வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். சட்டத்தின் அடிப்பக்கம், பெடல், சப்பாத்தின் அடியிலுள்ள கொளுவி என்று சேறு ஒளியும் இடங்களும் அதிகம். எல்லாவற்றையும் விட மோசமானது, அனுமதியில்லாமல் தாங்களாகவே வெட்டிக்கொள்ளும் கள்ளத் தடங்கள். நோய் பிடித்த மேட்டிலிருந்து நல்ல பள்ளத்துக்கு ஒரு தடம் வெட்டினால் சைக்கிள் ஓடவே தேவையில்லை; மழைநீர் தானே மிச்ச வேலையைச் செய்துவிடும். தட்டையான நிலத்திலும் மேட்டை நோக்கியும் வேருக்கு வேர் இந்த நோய் ஆண்டுக்கு ஒரு மீற்றர் அளவில்தான் ஊர்கிறது. தண்ணீரோடு இறங்கும்போது அந்தக் கணக்கு எடுபடாது. மனிதரோடு வரும்போது ஒரு பிற்பகலில் ஐம்பது கிலோமீற்றர்.

செய்யவேண்டியது

பொதுவான விதி, சுத்தமாக வா, சுத்தமாகப் போ என்பது. பெரும்பாலானவர்கள் இரண்டாவது பாதியை மட்டும் செய்கிறார்கள். ஓடி முடித்துச் சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து கழுவுகிறார்கள். சைக்கிளுக்கு அது நல்லது. காட்டைக் காப்பது நுழைவதற்கு முன் செய்யும் சுத்தம். போன வாரச் சேறு சட்டத்தின் அடியில் காய்ந்திருந்தாலும், அதற்குள் உறங்கும் வித்தி காய்ந்துவிடாது.

ஒழுங்கு முக்கியம். முதலில் உலர் தூரிகையால் மண்ணை உதிர்க்கவேண்டும். ரயர் பற்களுக்கு இடையே ஒரு குச்சியோ பழைய ஸ்க்ரூ டிரைவரோ தேவைப்படும். உதிரும் மண்ணை ஒரு தட்டிலோ பையிலோ பிடித்து வீட்டுக் குப்பைக்குக் கொண்டுபோவது சிறந்தது. தடத்தின் வாயிலில் உதிர்த்துவிட்டால் நோய்க்கு நாமே வாசல் திறந்த கதை. மண் போன பின்னர்தான் மெதிலேற்றட் ஸ்பிரிட் தெளிக்கவேண்டும். 70 வீதச் செறிவுக்குக் குறையக்கூடாது. ரயர், சப்பாத்தின் அடி, பெடல், சட்டத்தின் கீழ்ப்பக்கம் எல்லாம் நனையவேண்டும். சேற்றுக் கட்டிக்கு மேலே தெளிப்பதில் பயன் இல்லை. மேல்பூச்சு நனையும், உள்ளே இருப்பது சாகாது. நான் பார்த்தவரை அதிகம் பேர் விடும் பிழை இதுதான். செயினில் பட்டால் எண்ணெய் கழன்றுவிடும், பிறகு எண்ணெய் விடவேண்டும். ஸ்பிரிட் இலகுவில் தீப்பிடிக்கும் என்பதால் சிகரட் புகைத்துக்கொண்டு இந்த வேலை வேண்டாம். வெளிற்றும் திராவகத்தை நீர்த்துப் பாவிப்பவர்களும் உண்டு. கிருமியைக் கொல்லும், ஆனால் அலுமினியத்தையும் தின்னும்.

தண்ணீரால் கழுவுவதானால் கடினமான, நீர் தேங்காத இடத்தில், கழுவிய நீர் காட்டுக்குள் ஓடாத மாதிரிப் பார்த்துச் செய்யவேண்டும். நீந்தும் கிருமிக்குத் தண்ணீர் விட்டால் வாகனம் பிடித்துக் கொடுத்ததற்குச் சமம். தடத்தின் தொடக்கத்தில் குழாய் வைத்துக் கழுவுவதை விட உலர் தூரிகையைப் பலர் விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கெல்லாம் மேலான மருந்து, ஈரத்தில் போகாமல் இருப்பது. காய்ந்த மண் ரயரில் ஒட்டாது. மழை பெய்த மறுநாள், அதிலும் மண் இளஞ்சூடாக இருக்கும் வசந்தகால, இலையுதிர்கால மழைக்குப் பிறகு, காட்டை விட்டுவிட்டுத் தார் வீதியில் ஓடலாம். ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குப் போவதானால் நோயில்லாத இடத்துக்கு முதலில், நோயுள்ள இடத்துக்குப் பிறகு. தடத்தில் குட்டை கிடந்தால் அதைச் சுற்றிப் புதிய வழி போடக்கூடாது.

தடம் அமைப்பவர்களின் பங்கு இதைவிடப் பெரியது. முந்தாரிங்கிலிருந்து அல்பனி வரை 1000 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் முண்டா பிட்டி என்ற சைக்கிள் தடம் 2013இல் முழுமையடைந்தது. நூங்கா மொழியில் காட்டு வழி என்று பொருள். அத்தனை நீளத் தடம் நோயுள்ள காட்டையும் இல்லாத காட்டையும் மாறிமாறித் தொடாமல் போக முடியாது. ஆகவே ஒரு தடத்தை வெட்டுவதற்கு முன், பயிற்சி பெற்றவர்கள் காட்டை நடந்து பார்த்து, செத்த பாங்சியாக்களைக் கணக்கிட்டு, மண் மாதிரி எடுத்து, நோயுள்ளது, இல்லாதது, சொல்லமுடியாதது என்று வரைபடம் கீறுகிறார்கள். தடம் மேட்டின் உச்சி வழியே போவது, நீர் வடிய வாய்க்கால் விடுவது, ஈரமான இடத்தில் மரப்பலகைப் பாலம் போடுவது எல்லாம் அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான். வெளியிலிருந்து சரளை கொண்டுவந்தால் அது நோயற்றது என்ற உறுதி வேண்டும்.

வன்னியில் மீள்குடியேறியவர்களுக்கு இந்த வரைபட வேலையை விளங்கப்படுத்தச் சிரமப்படத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மண்ணுக்குள் கிடக்கிறது, தடி நட்ட பாதையை விட்டு விலகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். ஒரு வித்தியாசம் உண்டு. மிதிவெடி வைத்த இடத்தில் கிடக்கும். பொறுமையாக எடுத்தால் காணி திரும்பக் கிடைக்கும். இது காலோடு கூடவே வரும். காட்டளவு நிலத்திலிருந்து இதை எடுத்துவிடும் வழி இன்னும் இல்லை.

இருப்பது பொஸ்பைட் என்ற உப்புக் கரைசல் மட்டும்தான். மரத்தில் துளையிட்டு ஊசியால் ஏற்றுவார்கள், அல்லது இலையில் தெளிப்பார்கள். அது கிருமியை அழிப்பதில்லை. மரம் தன்னைத்தான் காத்துக்கொள்ளும் திறனைத் தூண்டிவிடுகிறது. சில ஆண்டுகளில் அதன் பலன் குறைந்துவிடும், மறுபடி ஏற்றவேண்டும். அரிய செடிகள் உள்ள திட்டுகளுக்கு இது பயன்படுகிறது. முழுக் காட்டுக்கும் செய்ய ஆளும் இல்லை, காசும் இல்லை.

பலகையை யார் நம்புவார்?

பிற நாடுகளிலும் இதே சிக்கல் உண்டு. மலைச் சைக்கிள் ஓட்டம் 1970களில் உருவெடுத்த இடம் கலிபோர்னியாவின் மரின் மாவட்டம், தமல்பாய்ஸ் மலை. ஓக் மரங்களைத் திடீரெனச் சாகடிக்கும் பைட்டொப்தோரா ராமோரம் அங்கே முதலில் கவனிக்கப்பட்டதும் அதே மலையடிவாரத்தில்தான், 1990களின் நடுவில். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லவரவில்லை. அந்த நோய் பெரும்பாலும் மழைச்சாரலோடும் நாற்றுமேடைச் செடிகளோடும் பரவுவது. ஆனால் மழைக்காலத்தில் அந்தக் காடுகளில் நடந்தவர்களின் சப்பாத்து மண்ணிலிருந்து கிருமி உயிரோடு மீட்கப்பட்டிருக்கிறது. அதே நோய் வேல்சுக்குப் போய் லார்ச் மரங்களைப் பிடித்தது. சைக்கிளோட்டிகளுக்குப் பெயர்போன கும்கார்ன் காட்டின் வாகனப் பாதை 2014இல் மூடப்பட்டு, மரங்கள் வெட்டி அகற்றப்பட்டு, 2021இல்தான் திறக்கப்பட்டது.

நியூசிலாந்தில் நடந்ததை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஒக்லாந்துக்கு மேற்கேயுள்ள வைத்தாகெரே மலைகளில் கௌரி மரங்கள் வேறொரு பைட்டொப்தோராவால் செத்துக்கொண்டிருந்தன. ஆராயப்பட்ட இடங்களில் ஐந்து ஆண்டுகளில் நோய்ப்பட்ட அளவு 8 வீதத்திலிருந்து 19 வீதமாக ஏறியது. தூரிகையும் தெளிப்பானும் வைத்த இடங்களைப் பலர் கண்டும் காணாததுபோல் கடந்து போனார்கள். 2017 டிசம்பரில் அந்த நிலத்துக்குரிய தெ கவெராவு ஆ மகி என்ற மாவோரி மக்கள் தங்கள் மரபின்படி காட்டுக்குள் எவரும் போகக்கூடாது என்று தடை அறிவித்தார்கள். மாநகர சபை அதன் பின்னர்தான், 2018இல், காட்டுத் தடங்களை மூடியது.

எங்கள் பக்கத்தில் காட்டோரக் காணியில் ஒரு பலகை நட்டு உள்ளே வராதே என்று எழுதினால் முதலில் வருவது சந்தேகம். அப்படிச் சந்தேகிப்பதற்குக் காரணங்களும் இருக்கின்றன. பேர்த் மலைகளிலும் மூடிய தடத்தின் பலகையைப் பிடுங்கி எறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் காட்டைப் பற்றிக் கவலையில்லாதவர்கள் அல்ல. ஏன் மூடினார்கள், எதுவரை, பதிலுக்கு எங்கே ஓடலாம் என்று ஒருவரும் சொல்லாதபோது பலகை வெறும் அதிகாரமாகத் தெரிகிறது. வரைபடத்தை விரித்துக் காட்டி, செத்த பல்காவுக்கும் பச்சைப் பல்காவுக்கும் நடுவிலுள்ள கோட்டில் ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்திய தொண்டர் நாட்களுக்குப் பிறகு, அதே ஆட்கள் அடுத்த முறை சொந்தத் தூரிகையோடு வருகிறார்கள். தண்டப்பணத்தால் இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. காட்டுக்குள் ஆளுக்கு ஒரு காவலாளி போட முடியாது.

இனி ஊருக்கான ஒரு விடயம். மண்ணோடு போகும் தாவர நோய் காட்டுக்கு மட்டும் உரியதல்ல. வாழையைப் பிடிக்கும் பனாமா வாடல் நோயும் குட்டியோடும், சப்பாத்திலும் மண்வெட்டியிலும் உழவு இயந்திரத்தின் ரயரிலும் ஒட்டிய மண்ணோடும்தான் தோட்டம் தோட்டமாகப் போகிறது. அதுவும் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். 1869இல் இலங்கையில் வெளிப்பட்ட கோப்பி இலைத்துரு காற்றோடு பரவியது, அதைத் தடுக்க அன்று எவராலும் முடியவில்லை. கோப்பி அழிந்து தேயிலை வந்ததில் மலையகத் தொழிலாளரின் வாழ்வு எப்படிப் புரண்டது என்பது தெரிந்த கதை. மண்ணோடு வருவதையாவது தடுக்கலாம்.

அவுஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கும்போது நிரப்பித் தரும் அட்டையில், மண் ஒட்டிய சப்பாத்தோ விளையாட்டுப் பொருளோ இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கும். பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் பலர் பயந்து இல்லை என்று குறிக்கிறார்கள். ஆம் என்று குறித்தால் பெரும்பாலும் வாங்கிக் கழுவித் திருப்பித் தருவார்கள். மறைத்து அகப்பட்டால்தான் தண்டம். திரும்பிப் போகும்போதும் இதே கவனம் வேண்டும். மகன் ஓடிய மலைச் சைக்கிளை, பேரன் போட்ட உதைபந்தாட்டச் சப்பாத்தை ஊரில் யாருக்காவது கொடுக்கலாம் என்று பெட்டியில் போடுவார்கள். போடுவதற்கு முன் குச்சியால் மண்ணைக் கிண்டி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரில் உரஞ்சி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கடைசியாக ஒருமுறை ஸ்பிரிட் தெளித்து விடுங்கள். கிண்டி எடுத்த மண் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள் போகட்டும், பின்வளவுக்குள் கொட்டவேண்டாம்.